தவிட்டுக்குருவிக்குப் பத்து ரூபாய்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலிடம் நான் குமாஸ்தாவாக இருந்தேன். கேஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு கச்சேரிக்குப் போவது, நகல் எழுதுவது, கூமாப்பட்டியிலிருந்தும் கான்சாபுரத்திலிருந்தும் வரும் கட்சிக்காரர்களை அடுத்த வாய்தாவுக்குத் தவறாமல் வரச்சொல்லி அனுப்புவது, இவைதான் வேலை. மாதம் பதினெட்டு ரூபாய் சம்பளம். என் மனைவி மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு டீச்சர். அவளுக்கும் கொஞ்சம் சம்பளம் வந்தது. இரண்டு பேருக்கு அது தாராளமாகப் போதும்.

பொழுதுபோக்கு என்று எனக்கு இருந்தது ஒன்றுதான். மரத்தில் பறவை செதுக்குவேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வண்டிப்பட்டறை இருந்தது. அங்கே கழித்துப் போடும் துண்டுகளில் மஞ்சணத்தி மரம் கிடைத்தால் எடுத்து வைத்துக்கொள்வேன். மஞ்சள் நிறமாக, கத்திக்கு இணக்கமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ஜெபம் முடிந்து வந்து, சாப்பிட்ட பிறகு உட்கார்ந்தால் பொழுது இறங்கும் வரை எழுந்திருக்க மாட்டேன். அவள் பக்கத்தில் பாயை விரித்துப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்துவாள். நடுநடுவே நிமிர்ந்து பார்த்து, "வாலு நீளம்" என்பாள். அநேகமாக அவள் சொல்வது சரியாக இருக்கும்.

நான் பார்க்காத பறவையைச் செய்ததில்லை. கச்சேரிக்குப் போகும் வழியில் தந்திக்கம்பியில் உட்கார்ந்திருந்த கரிச்சான், பெரியகுளம் கண்மாயில் ஒற்றைக் காலில் நின்ற நாரை என்று ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நான் கண்டது. ஒன்றைப் போல இன்னொன்று கிடையாது. யாராவது ஆசைப்பட்டுக் கேட்டால் கொடுத்துவிடுவேன். விற்கிற பொருள் என்று நாங்கள் இருவரும் அவற்றை நினைத்ததே இல்லை.

ஐரோப்பாவில் இரண்டாவது சண்டை மூளுவதற்கு மூன்று வருஷம் முன்பு அவளுக்கு இருமல் வந்தது. முதலில் மழைக்காலத்து இருமல் என்று கஷாயம் வைத்துக் குடித்தாள். தை பிறந்தும் நிற்கவில்லை. மாலையானால் உடம்பு சுட்டது. டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு என்னை மட்டும் தனியே அழைத்து, சயரோகம் என்றார். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அவள் இருக்கக்கூடாது என்பதால் பள்ளிக்கூட வேலை அன்றோடு நின்றது. தினம் பாலும் முட்டையும் கொடுக்கச் சொன்னார். வெளி ஜில்லாவில் நெஞ்சு நோய்க்கென்றே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆறு மாதம் அங்கே கிடந்தால் பிழைக்க வழியுண்டு என்றும் சொன்னார். எழுதிப் போட்டோம். ஐப்பசியில் ஒரு கட்டில் காலியாகும், முன்பணத்தோடு வரவும் என்று பதில் வந்தது. அந்த முன்பணம் எங்கள் கைக்கு எட்டாதது.

பறவைகளை விற்கலாம் என்று சொன்னவள் அவள்தான்.

வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு அவள் படுத்திருந்தாள். நான் அலமாரியிலிருந்து பறவைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கட்டிலின் கால்மாட்டில் வைத்தேன். நாற்பத்தொன்று இருந்தன. விலை போடுவது சுலபம் என்று நினைத்தேன். என் சம்பளத்தை நாளுக்குப் பிரித்தால் கிட்டத்தட்டப் பத்தணா வரும். ஒரு பறவைக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை. ஆகவே தலைக்கு இரண்டு ரூபாய் என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. அடங்கியதும், "மீன்கொத்தி ஒரே நாள்ல முடிஞ்சுது. இதுல அதுதான் அழகு. அதுக்குப் பத்தணாவா?" என்று கேட்டாள்.

"பின்ன எம்புட்டுப் போடச் சொல்லுத?"

"மரங்கொத்தி ஆறு மாசம் கெடந்துச்சு. மூக்கு மூணு தரம் ஒடிஞ்சு மூணு தரம் ஒட்டுனீக. உங்க கணக்குல பாத்தா அது தங்கத்துல செஞ்ச வெல வரும். வாங்குதவனுக்கு நீங்க எத்தன நாள் ஒக்காந்தீகன்னு தெரியுமா? அவன் பறவையத்தான பாப்பான்."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் பறவையைப் பார்த்து விலை போட உட்கார்ந்தபோது எங்களால் முடியவில்லை. அவள் ஒன்றைக் கையில் எடுப்பாள். "இது நம்ம மதுரைக்குப் போயிட்டு வந்த மறுவாரம் செஞ்சது" என்பாள். இன்னொன்றை எடுத்து, "இது நீங்க எங்கூட மூணு நாள் பேசாம இருந்தப்ப செஞ்சது. எட்டணாப் போதும்" என்பாள். என் கண்ணுக்கு எல்லாவற்றிலும் லட்சணமான மாடப்புறாவுக்கு இப்படித்தான் எட்டணா விலையாயிற்று. நான் சண்டை பிடித்து அதை ஒன்றரை ரூபாய் ஆக்கினேன். அவள் துண்டுக் காகிதத்தில் தன் டீச்சர் எழுத்தில் விலையை எழுத, நான் நூலால் காலில் கட்டினேன்.

கடைசியில் ஒரு தவிட்டுக்குருவி மிஞ்சியது. சின்னது. கழுத்து தடித்து, ஒரு பக்கச் சிறகு மற்றதைவிட இறங்கி, பார்க்க ஒன்றும் இல்லாதது. எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து, மூச்சு விடாமலே போயிற்று. அடக்கம் செய்துவிட்டு வந்த வாரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் கத்தியை எடுத்து நான் செதுக்கியது அது. அவள் அதைக் கையில் எடுத்து, இறங்கிய சிறகை விரலால் தடவினாள்.

"இது வேண்டாமே" என்றாள்.

ஒன்று விடாமல் கொண்டுபோவது என்றுதான் பேச்சு. நான் அதைச் சொன்னேன். ஒன்றை எடுத்து வைத்தால் பிறகு ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் எடுத்து வைக்கத் தோன்றும் என்றும் சொன்னேன். அவள் காகிதத்தை எடுத்துப் பத்து ரூபாய் என்று எழுதினாள்.

"இத யாரு பத்து ரூவாய்க்கு வாங்குவா?"

"வாங்க வேண்டாம்னுதான்" என்றாள்.

ஆடிப்பூரத் தேருக்குக் கச்சேரி விடுமுறை. தேரடிக்குப் போகும் தெருவில், ஒரு பொம்மைக்காரருக்குப் பக்கத்தில் போர்வையை விரித்துப் பறவைகளைப் பரப்பினேன். அவரிடம் சாயம் பூசிய கிலுகிலுப்பையும் நடைவண்டியும் இருந்தன. கிலுகிலுப்பை அரையணா. வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த ஜனம் தெரு முழுக்க நெரிந்தது. நிறையப் பேர் குனிந்து பார்த்தார்கள். விலையைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்கள்.

"ரெண்டு ரூவாய்க்கு உசுருள்ள கோழியா ஒரு கூட்டமே வாங்கலாமே" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே போனார். பொம்மைக்காரர் என் பக்கம் சாய்ந்து, "அண்ணாச்சி, இங்க வாரவுக பிள்ளைக அழுகைய நிப்பாட்ட வாங்குதாக. இம்புட்டு வெல சொன்னா யாரும் நிக்க மாட்டாக" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

உச்சி வெயிலில் ஒரு சம்சாரி, காடுகரையில் பாடுபடுகிறவர், வந்து உட்கார்ந்தார். மற்றவர்களைப் போல நின்று பார்க்கவில்லை, குத்தவைத்து உட்கார்ந்தே விட்டார். நாமக்கோழியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க கம்மாயில நிக்கும் இது. கழுத்த இப்பிடித்தான் வச்சுக்கிடும், முங்குததுக்கு முன்னாடி."

அது முங்குவதற்கு முந்திய கணம்தான் நான் செதுக்கியது. அதுவரை யாரும் அதைச் சொன்னதில்லை. காகிதத்தில் ஒன்றே கால் ரூபாய் என்று இருந்தது. அவர் மடியை அவிழ்த்து எட்டணாவை எடுத்துக் காட்டி, "இம்புட்டுத்தான் இருக்கு" என்றார். பன்னிரண்டணாவுக்குக் குறையாது என்றேன். அவர் பறவையை எடுத்த இடத்திலேயே, எடுத்தபடியே வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் முதுகு கூட்டத்தில் மறைந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. போர்வையைப் பார்த்துக்கொள்ளும்படி பொம்மைக்காரரிடம் சொல்லிவிட்டுத் தேடிப் போனேன். கிடைக்கவில்லை.

அதன் பிறகு விலை என்று ஒன்று என்னிடம் இல்லாமல் போயிற்று. கேட்டதற்குக் கொடுத்தேன். நாமக்கோழி ஆறணாவுக்குப் போயிற்று. வாங்கிய ஆள் பார்க்கக்கூட இல்லை, இடுப்பிலிருந்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நடந்தார். மீன்கொத்தி ஒரு ரூபாய். மாடப்புறா முக்கால்.

வெயில் தாழ்ந்தபோது ராஜபாளையத்திலிருந்து ஒரு பஞ்சு வியாபாரி மனைவியோடு வந்தார். வக்கீலிடம் அவருக்கு ஒரு வழக்கு இருந்ததால் என்னை அவருக்குத் தெரியும். "என்ன குமாஸ்தா, கடை போட்டுட்டீர்" என்றார். அவர் மனைவி கொக்கு ஒன்றை எடுத்து, "பாகுந்தி" என்று தங்கள் தெலுங்கில் சொன்னார். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். வியாபாரி பறவைகளைப் பார்க்கவில்லை. காகிதங்களைப் படித்துக்கொண்டே வந்தார். தவிட்டுக்குருவியிடம் நின்றார்.

"இது ஏன் பத்து? மத்ததெல்லாம் இதவிட லட்சணமா இருக்கே."

"வீட்டுல போட்ட வெல முதலாளி."

அவர் அதைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல அசைத்தார். "பஞ்சுல பாத்திருக்கேன். ஒருத்தன் எல்லாத்தையும் கொறைச்சுட்டு ஒரு தாட்டு மூட்டைக்கு மட்டும் வெலையெறக்க மாட்டேன்னா, அதுதான் சரக்கு" என்றார். பத்து ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார்.

அது விற்பதற்கில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை. ஆனால் அன்று காலையிலிருந்து விற்றது எல்லாம் சேர்ந்தும் பத்து ரூபாய் இல்லை. முப்பது நாள் பாலும் முட்டையும் அந்த நோட்டில் இருந்தன. வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் எழுந்து உட்கார்ந்தாள். மிச்சமிருந்த பறவைகளைப் போர்வையைப் பிரித்துப் பார்த்தாள்.

"தவிட்டுக்குருவி எங்க?"

"போயிருச்சு."

"பத்துக்கா?"

"பத்துக்குத்தான்."

அவள் போர்வையை மறுபடி மூடினாள். பிறகு, "இருபதுன்னு எழுதியிருக்கணும்" என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுவாரம் அந்த வியாபாரி வக்கீலைப் பார்க்க வந்தவர் என்னிடமும் வந்தார். ராஜபாளையத்தில் புது வீடு கட்டி முடியப்போகிறது, முன்கட்டில் ஒரு கண்ணாடி அலமாரி வைக்கிறார், அதற்குப் பன்னிரண்டு பறவை வேண்டும் என்றார். தலைக்கு ஆறு ரூபாய். புரட்டாசி முடிவதற்குள் வேண்டும். பாதியை முன்பணமாகக் கொடுத்தார். ஒரு தாளில் பறவைகளின் பெயரையும் எழுதி வைத்திருந்தார். மயில், கிளி, செம்போத்து என்று போய் அன்னத்தில் முடிந்தது.

"அன்னத்த நான் பாத்ததில்ல முதலாளி."

"நானும்தான் பாத்ததில்ல. செய்யும்" என்றார்.

அவளிடம் சொன்னபோது முகம் தெளிந்தது. விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்குச் சரியாப் போயிரும்" என்றாள். கூமாப்பட்டியிலிருந்து அவளுடைய அக்காவை வரவழைத்தோம். சமையலையும் நோயாளியையும் மதினி பார்த்துக்கொள்ள, நான் மரத்தோடு உட்கார்ந்தேன்.

முன்பெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் செதுக்குவேன். இப்போது அது முடியவில்லை. மரத்தூள் பறந்தால் அவளுக்கு இருமல் பொங்கியது. அவளை உள்ளே படுக்க வைத்துவிட்டு, நான் கொல்லையில் சுவரோரம் போய் உட்கார்ந்தேன். விடிந்ததும் கச்சேரிக்குப் புறப்படும்வரை அங்கே இருப்பேன். கச்சேரியிலிருந்து வந்து இருட்டும்வரை அங்கே இருப்பேன். வேதக்கோயிலுக்குப் போவதையும் நிறுத்தினேன். உள்ளேயிருந்து, "செத்த நேரம் வந்து இருந்துட்டுப் போங்களேன்" என்று அவள் குரல் வரும். "இந்தச் செறக முடிச்சுட்டு வாரேன்" என்பேன். சிறகை முடித்தால் கால் இருக்கும். சில நாள் போனேன். பல நாள் போகவில்லை. போன நாட்களில்கூட என் கை மடியில் சும்மா கிடக்காமல் துடித்துக்கொண்டிருப்பதை அவள் பார்ப்பாள். "போங்க, போயி வேலையப் பாருங்க" என்று அவளே அனுப்புவாள்.

ஒருநாள் அவளுக்குத் தலையணை மாற்றிக் கொடுத்தபோது கேட்டாள்: "முன்னாடி ஒரு பறவைக்கு மூணு ஞாயித்துக்கெழமைன்னு ரெண்டு ரூவா போட்டீகள்ல?"

"ஆமா."

"நானும் அங்கனதான ஒக்காந்திருந்தேன்."

அவள் விளையாட்டாகச் சொன்னாளா, குறையாகச் சொன்னாளா என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போதும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

ஒன்பதாவது பறவை செம்போத்து. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல்; அன்று கண் வைக்கப்போகிறேன் என்று காலையில் அவளிடம் சொல்லியிருந்தேன். செம்போத்துக்கு ரத்தச் சிவப்பில் கண் இருக்கும். அதற்குக் குன்றிமணியைப் பாதியாக அறுத்துக் குழியில் பதிக்க வேண்டும். அறுக்கும்போது தெறித்துவிடும். மூன்று குன்றிமணி வீணாயின. நான்காவதைப் பிடித்திருக்கும்போது உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டாள். எப்போதும் கூப்பிடுகிற குரல்தான், அதில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. "செத்த நேரம்" என்றேன். பிறகு குரல் வரவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். இரண்டு கண்ணையும் பதித்து, பசை காய்வதற்காக விரலால் அழுத்திக்கொண்டிருந்தபோது மதினி கதவுக்கு வந்து நின்றார்கள். அவர்கள் சேலையின் முன்பக்கம் நனைந்து சிவந்திருந்தது.

நான் போனபோது முடிந்துவிட்டது.

மறுநாள் அடக்கம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று பாடினார்கள். அந்தப் பாட்டை அவர்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஐப்பசியில் கட்டில் தேவையில்லை என்று ஆஸ்பத்திரிக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். பிறருக்காக எத்தனையோ மனு எழுதிய கை. அந்த நாலு வரி எழுத ஒரு முழுக் காலை ஆனது.

வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தேன். மூன்று பறவை பாக்கி. அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தால் விட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. வேறு என்ன செய்வதென்றும் தெரியவில்லை. செய்து முடித்தேன். அன்னம் கடைசி. வாத்துக்கு நீளமான கழுத்து வைத்ததுபோல வந்தது.

பன்னிரண்டையும் வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கி, பஸ்ஸில் ராஜபாளையம் போனேன். வீட்டில் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. அவர் மனைவி மோர் கொடுத்தார்கள். வியாபாரி ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தார். நிறையப் பாராட்டினார். அன்னத்தை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இது மத்தது மாதிரி இல்லையே குமாஸ்தா."

"ஆமா முதலாளி. மனசு அதுல இல்ல."

"அப்ப இதுக்கு ரெண்டு கொறச்சுக்கலாமா?"

"கொறச்சுக்கோங்க."

அவர் மீதிப் பணத்தில் இரண்டு ரூபாயைக் குறைத்துக்கொண்டு கொடுத்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. நான் அவரிடம் எதையும் சொல்லவில்லை. பொருளைப் பார்த்தார், குறை தெரிந்தது, கேட்டார். அதுவரை என் பறவைகளுக்குப் போடப்பட்ட விலைகளில் அது ஒன்றுதான் சரியான விலை என்று பஸ்ஸில் திரும்பும்போது நினைத்தேன்.

வீட்டில் மதினி மறுநாள் ஊருக்குப் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். வியாபாரி கொடுத்தது முழுவதையும் அவர்களிடம் நீட்டினேன். அவர்கள் மகள் டீச்சர் டிரெயினிங் படிக்க ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள். மதினி முதலில் வாங்க மறுத்தார்கள். சித்தி கொடுத்ததாக இருக்கட்டும் என்ற பிறகு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

மறுநாள் காலை வண்டிக்குக் காத்திருந்தபோது, பல நாளாக மனதில் வைத்திருந்தது போல மதினி கேட்டார்கள்: "அன்னைக்கு அவ கூப்புட்டப்ப ஏன் தம்பி வரல? ரெண்டு பேருக்கும் ஏதும் மனத்தாங்கலா?"

"இல்ல மதினி. வேல முடியட்டும்னு இருந்துட்டேன்."

அவர்கள் குனிந்து பெட்டியின் கயிற்றை இறுக்கினார்கள்.

"நீங்க செத்த நேரம்னு சொன்ன பொறவு, நான் போயிக் கையோட கூட்டிட்டு வாரேன்னுதான் எந்திரிச்சேன். அவதான் கையப் புடிச்சு நிப்பாட்டுனா. கண்ணு வைக்கிற நேரம், இப்பப் போயிக் கூப்புடாதக்கா, கை தடுமாறிரும்னா. அதுக்குப் பொறவுதான் இருமல் வந்துச்சு."

வண்டி வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டேன். மதினி உட்கார்ந்து, போகும்போது எல்லோரும் சொல்வதுபோல, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வண்டி வத்திராயிருப்பு ரோட்டில் திரும்பும்வரை நின்றுவிட்டு, கச்சேரிக்கு நேரமாகிவிட்டதால் அங்கிருந்தே நடந்து போனேன். அன்று வக்கீலுக்கு இரண்டு வழக்கு இருந்தது.